காத்திருப்புப் பட்டியலில் முதல் பெயர்

தேர்வு முறை மாறிவிட்டது என்ற செய்தி சத்தியப்பிரியாவின் கைபேசிக்கு வந்தபோது, அவள் ஒரு பிரெஞ்சுத் தம்பதிக்கு அறைச் சாவியைக் கொடுத்து, இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று விளக்கிக்கொண்டிருந்தாள். கோட்டையூரில் பழைய நகரத்தார் வீடு ஒன்றை ஓட்டலாக மாற்றியிருந்தார்கள். அதன் வரவேற்பு மேசையில் அவளுக்கு வேலை. கணிதத்தில் பட்டம் வாங்கியவள். ஊர் கல்லலுக்குப் பக்கத்தில். அங்கே அண்ணன் பாண்டிமுருகன் வீட்டில் இருந்துகொண்டு தினமும் பஸ்ஸில் வந்து போனாள்.

செய்தியை அனுப்பியது அறச்சுடர் பள்ளி. காரைக்குடிக்கு வெளியே, பெரிய வளாகம், விடுதி, ஒன்பதாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை. நுழைவுத் தேர்வு எழுதித்தான் உள்ளே போக முடியும். பாதி இடங்கள் சுற்றுவட்டாரக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு இலவசம் என்று பள்ளியைத் தொடங்கிய அறக்கட்டளை எழுதிவைத்திருந்தது. அதற்காகத்தான் போன ஜூன் மாதத்திலிருந்து ஞாயிறு தவறாமல் ஊர் நூலகக் கட்டடத்தில் நான்கு பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள் சத்தியா. அண்ணன் மகள் துர்காதேவி ஒருத்தி. ஆடு மேய்க்கும் பெத்தன் மகன் முத்தரசு இன்னொருவன். மற்ற இருவரும் கீழத்தெருப் பெண் பிள்ளைகள். எட்டாம் வகுப்புக் கணக்கு, அறிவியல், தமிழில் ஒரு கட்டுரை. தேர்வு எப்போதும் அப்படித்தான் இருந்தது.

இப்போது வந்த செய்தி, இந்த வருடம் முதல் தேர்வு கணினியில் என்றது. ஆங்கிலத்தில் மட்டும். பாடப்புத்தகக் கேள்விகள் கிடையாது. 'சிந்தனைத் திறன்' கேள்விகள். ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்பிப் போக முடியாது. மார்ச் கடைசியில் தேர்வு. பொங்கல் முடிந்து கரும்புச் சக்கைகூட இன்னும் தெருவில் கிடந்தது.

அவள் பள்ளிக்குப் போன் செய்தாள். எடுத்த பெண் குரல் இனிமையாகத்தான் இருந்தது.

"பயப்படவே வேண்டாங்க மேடம். இதுக்குப் பிள்ளைங்க எதுவும் படிக்க வேண்டியதில்ல. இயல்பான அறிவைத்தான் சோதிக்கிறோம். கோச்சிங் போற பிள்ளை, போகாத பிள்ளைங்கிற வித்தியாசமே இருக்கக் கூடாதுன்னுதான் மாத்தியிருக்கோம்."

கேட்டபோது சத்தியாவுக்கே அது நியாயமாகப் பட்டது. அந்த நியாயம் அன்று சாயங்காலம்வரைகூடத் தாங்கவில்லை.

ஓட்டலின் முன்பக்க அறையில் தேனம்மை ஆச்சி கண்டாங்கிச் சேலைக்கடை வைத்திருந்தாள். நாற்பது வயதிருக்கும், நகரத்தார் வீட்டுப் பெண், வெளிநாட்டுக்காரர்களிடம் சிரித்தே விற்றுவிடுவாள். கடையைப் பூட்டிக்கொண்டு வந்தவள், "ஞாயித்துக்கிழமை கடை கிடையாது சத்தியா. எம் மக சௌபர்ணிகாவைக் கிளாசுக்குக் கூட்டிட்டுப் போகணும்" என்றாள்.

"என்ன கிளாஸ் ஆச்சி?"

"அதான், அறச்சுடர் பரீட்சைக்கு. அந்தப் பள்ளிக்கூடத்துலயே நடத்துறாக. தீபாவளியிலேருந்து போறா. கம்ப்யூட்டர்ல உக்காரவச்சு வாராவாரம் டெஸ்ட் வைக்கிறாக. புது முறையில்ல?"

"தீபாவளியிலேருந்தா?"

தேனம்மை தலையாட்டினாள். சொல்லக்கூடாத எதையும் சொன்னதாக அவளுக்குத் தெரியவில்லை. சத்தியாவுக்கோ காதுமடல் சூடாகிவிட்டது. கிராமத்துக்கு நேற்றுவரை தெரியாத புது முறை, கட்டணம் கட்டியவர்களுக்குத் தீபாவளிக்கே தெரிந்திருக்கிறது. இயல்பான அறிவுக்கு எதற்கு வாராவாரம் டெஸ்ட்?

மறு ஞாயிறு நான்கு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பள்ளி வாசலுக்கே போனாள். காவலாளி உள்ளே கேட்டுவிட்டு வந்து, வகுப்பில் இடம் இல்லை, சேர்க்கை முடிந்துவிட்டது என்றார். வாசலை ஒட்டியிருந்த வகுப்பறை ஜன்னல் வழியாகக் காலி நாற்காலிகள் தெரிந்தன. முத்தரசு அவற்றை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். அவள் அவன் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள்.

பிறகு அவளே முட்டி மோதினாள். ஓட்டல் மேலாளரிடம் கெஞ்சி, மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரை ஊருக்கு எடுத்துப்போனாள். பிள்ளைகளுக்குக் கைபேசி தண்ணீர் பட்ட பாடு, மவுஸ் பழக்கமில்லை. அம்புக்குறி திரையில் எங்கேயோ ஓட, பிள்ளைகள் மேசையில் மவுஸைத் துரத்தினார்கள். இணையத்தில் கிடைத்த சிந்தனைத் திறன் கேள்விகளை இறக்கி, ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் வாசிக்கவைத்தாள். கேள்வியில் எண்கள் கஷ்டமாக இல்லை. எண்களைச் சுற்றியிருந்ததுதான் கஷ்டம்.

"அக்கா, எஸ்கலேட்டர்னா என்ன?" என்றான் முத்தரசு.

"நகரும் படிக்கட்டு. நாம நின்னாலே அது மேல கொண்டுபோயிரும்."

"பெறகு ஏன் இவன் அதுல நடக்குறான்?"

மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். சத்தியாவும் சிரித்தாள். ஆனால் அவன் சிரிக்கவில்லை. நகரும் படியில் எதற்கு ஒருவன் நடக்கவேண்டும் என்று தீர்த்துக்கொள்ளாமல் அவனால் கணக்குக்குள் போக முடியவில்லை. விஷயத்தைப் படம் போட்டுக் காட்டியதும் விடையை மனதிலேயே போட்டுச் சொல்லிவிட்டான். தேர்வு அறையில் யார் படம் போட்டுக் காட்டுவது? அன்று வீட்டுக்கு நடந்துபோகும்போது அவளுக்கு ஆத்திரத்தில் கண் கலங்கியது. எட்டு மாதம் இந்தப் பிள்ளைகள் ஒரு விளையாட்டுக்கும் போகாமல் படித்ததை ஒரு வாட்ஸப் செய்தியில் துடைத்துப்போட்டுவிட்டார்கள்.

தேர்வு நாளன்று பாண்டிமுருகன் தன் லோடு வண்டியில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு வந்தான். பெற்றோர்கள் மதில் ஓரமாகக் கிடைத்த நிழலில் நின்றார்கள். கார்களில் வந்தவர்கள் ஏசியைப் போட்டுக்கொண்டு உள்ளேயே இருந்தார்கள். பெத்தன், மகனுக்காகத் துவைத்த வேட்டி கட்டி வந்திருந்தார். நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

முதலில் வந்தது துர்கா. முகம் வெளிறியிருந்தது.

"அத்தை, தப்பா எழுதினா மார்க்கக் கொறைப்பாகளாம். பாதி எழுதின பெறகுதான் சொன்னாக. அதுக்குள்ள நான் தெரியாததையெல்லாம் குத்துமதிப்பா அமுக்கிட்டேன்."

"சரி, விடு. மத்ததெல்லாம்?"

"என் பக்கத்துல இருந்த பிள்ளை கேள்விய முழுசா வாசிக்கவேயில்ல அத்தை. முத வரியப் பாக்குது, பட்டுன்னு அமுக்குது."

அந்தப் பக்கத்துப் பிள்ளை சௌபர்ணிகா. அவள் ஓடிவந்து தேனம்மையின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, மதில் ஓரம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "அம்மா, எல்லாம் கிளாஸ்ல போட்ட அதே கேள்வி! நம்பரைக்கூட மாத்தலை!" என்றாள்.

சத்தியா தேனம்மையைப் பார்த்தாள். தேனம்மையும் பார்த்தாள். பிறகு மகளின் வாயைப் பொத்தி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு காரை நோக்கி நடந்துவிட்டாள்.

முத்தரசு கடைசியாக வந்தான். நேராக வண்டியில் ஏறி, ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

முடிவு வந்தபோது இலவச இடங்கள் பலவற்றில் காரைக்குடி முகவரிகளே இருந்தன. தாத்தா ஊர், மாமா ஊர் என்று ஏதோ ஒரு கிராமத்துச் சான்று எல்லோரிடமும் இருந்தது. நான்கு பிள்ளைகளில் ஒருவருக்கும் இடமில்லை. துர்காவின் பெயர் மட்டும் காத்திருப்புப் பட்டியலில் இருந்தது.

"விதிம்மா" என்றார் பெத்தன்.

"விதியா? யாரு போட்ட விதி?" என்று அவர்மீது எரிந்துவிழுந்தாள் சத்தியா. அந்த வாரமே நான்கு வீட்டுப் பெற்றோரையும் திரட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனாள்.

தாளாளர் வள்ளியப்பன் அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார். மற்றவர்கள் வராந்தாவில் நின்றார்கள். வள்ளியப்பன் மரியாதை தெரிந்தவர். நாற்காலியைக் காட்டினார், காபி வரவழைத்தார், அவள் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை.

"நீங்க சொல்றது புரியுது. ஆனா கேள்வித்தாள் நாங்க போட்டதில்லம்மா. வெளியூர்க் கம்பெனி போட்டது. கிளாஸ் நடத்தினதும் அவங்கதான். ஒண்ணு ரெண்டு கேள்வி ஒரே மாதிரி வந்திருக்கலாம்."

"ஒண்ணு ரெண்டு இல்ல சார். மொத்தமும் அதுதான்னு எழுதின பிள்ளையே சொல்லுச்சு. கேள்வி போட்டவுகளே பாடமும் நடத்தலாமா? சரி, நடத்துனாக. எங்க பிள்ளைகளை ஏன் உள்ள விடலை? இடம் இல்லைன்னாக. நாற்காலி காலியாக் கெடந்ததை என் கண்ணால பார்த்தேன்."

வள்ளியப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குரலைத் தாழ்த்தினார்.

"துர்காதேவி உங்க அண்ணன் மகதானே? காத்திருப்புப் பட்டியல்ல முதல் பேரு. ஒரு பையன் கோயம்புத்தூர் போறான், இடம் காலியாகுது. நாளைக்கே சேத்துருங்க. நாலு வருஷம், சாப்பாடு, விடுதி, எல்லாம் பள்ளியோட பொறுப்பு. இந்தப் பேச்சை மட்டும் இத்தோட விட்டுருங்க. கலெக்டர் ஆபீஸ், பத்திரிகைன்னு போனா யாருக்கு லாபம்?"

துர்கா அந்தச் சீருடையில், அந்த விடுதிப் படிக்கட்டில் நிற்பது சத்தியாவின் கண்முன் வந்தது. மதினி அழகி சாமி படத்துக்கு விளக்கேற்றிவிட்டு மகளின் நெற்றியில் திருநீறு பூசுவது வந்தது. சரி என்று ஒரு சொல். அவ்வளவுதான்.

"மத்த மூணு பேரு?" என்றாள்.

"எல்லாருக்கும் எப்படிம்மா முடியும்?"

அவள் காபியைத் தொடாமல் எழுந்தாள்.

வெளியே வந்ததும் பெத்தன் இரண்டடி முன்னால் வந்தார். "என்ன ஆத்தா சொன்னாக?"

பார்க்கலாம் என்றார்கள் என்று சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்து அவளால் அப்படிச் சொல்ல முடியவில்லை.

"துர்காவுக்கு மட்டும் இடம் தாராகளாம். உங்க பிள்ளைகளைப் பத்தி நான் வாயத் திறக்கக் கூடாதாம். என் வாய்க்கு அதான் வெலையாம்!"

உள்ளே இருந்தவர்களுக்கும் கேட்கும்படிதான் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் அண்ணனைப் பார்த்தாள். பாண்டிமுருகன் வராந்தாத் தூணில் கையை ஊன்றியிருந்தான்.

வீட்டில் அழகி விட்டுவைக்கவில்லை.

"எம் மகளுக்குக் கெடைச்ச எடத்தை நீ யாரு வேணாங்கிறதுக்கு?"

"வேணாம்னு சொல்லலை மதினி. அவுக கேட்டது..."

"என்ன கேட்டாக? பேசாம இருன்னு கேட்டாக. ஊருல அம்புட்டுப் பேரும் பேசாமத்தான் இருக்காக. உனக்கு மட்டும் என்ன? உன் வயித்துல பெறந்த பிள்ளையா இருந்தா இப்படித் தூக்கிக் குடுத்திருப்பியா?"

நியாயம் தன் பக்கம் என்பதில் சத்தியாவுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த நியாயத்துக்குத் தண்டம் கட்டப்போவது துர்கா என்பதிலும் சந்தேகமில்லை. துர்கா அறைக்குள் திரும்பிப் படுத்துக்கொண்டிருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டபோது வரவில்லை. அந்த வாரம் முழுவதும் அத்தையோடு பேசவுமில்லை.

சத்தியா மனுக்களை எழுதினாள். சிவகங்கைக்குப் போய்க் கலெக்டர் ஆபீசில் கொடுத்துவிட்டு வந்தாள். விசாரிக்கிறோம் என்றார்கள். ஓட்டலில் தேனம்மை கடை பக்கம் அவள் திரும்புவதில்லை.

ஒருநாள் மத்தியானம், சுற்றுலாக்காரர்கள் தூங்கப் போன நேரம், தேனம்மையே மேசைக்கு வந்து நின்றாள்.

"எம் மேல கோவமா இருப்பே."

"இருக்கேன் ஆச்சி" என்றாள் சத்தியா, கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சௌபர்ணிகாவுக்கு இடம் கெடைச்சிருச்சு. இனிப்பு வாங்கிட்டு வந்தேன். தொடலை. ஏன்டின்னு கேட்டா, 'அம்மா, நான் ஒண்ணும் பாஸ் பண்ணலை, ஞாபகம் வச்சிருந்தேன்'ங்கிறா. பதிமூணு வயசு. அதுக்குத் தெரியுது. அன்னைக்கு வாசல்ல அவ வாயைப் பொத்தி இழுத்துட்டுப் போனேன் பாரு, அதுதான் எனக்கு ஆறலை."

"இப்ப என்ன ஆச்சி செய்யப் போறீக?"

"அந்த அறக்கட்டளையில பாதிப் பேரு எங்க பங்காளிகதான். சித்திரைக்குக் கோயில்ல கூடுவாக. பொம்பள பேசுறதான்னு பாப்பாக. பாக்கட்டும். எம் மகளையும் கூட்டிட்டுப் போறேன். கேள்விகளை ஒப்பிச்சுக் காட்டச் சொல்றேன்."

தேனம்மை சொன்னபடி செய்தாள். பங்காளிகள் கூடியிருந்த இடத்தில் சௌபர்ணிகா, வகுப்பில் மனப்பாடம் செய்து தேர்வில் அப்படியே வந்த கேள்விகளை வரிசையாக ஒப்பித்தாளாம். நான்கு விடைகளில் எது எந்த எழுத்து என்பது உட்பட. வள்ளியப்பன் எழுந்து ஏதோ சொல்ல வந்தபோது, சென்னையிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர், "நம்ம அப்பச்சிக நாலு கிராமத்துப் பிள்ளை படிக்கட்டும்னுதான் பணத்தைப் போட்டாக. நீங்க என்ன வேலை பாத்திருக்கீக?" என்று கேட்டுவிட்டார். இதையெல்லாம் தேனம்மை சொல்லித்தான் சத்தியாவுக்குத் தெரியும்.

மே மாதத்தில் பள்ளி அறிவிப்பு வந்தது. 'தொழில்நுட்பக் காரணங்களால்' மறுதேர்வு. காகிதத்தில், தமிழிலும் ஆங்கிலத்திலும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. இலவச இடத்துக்கு வசிக்கும் ஊரின் சான்று கட்டாயம். சத்தியா அந்த முதல் இரண்டு சொற்களை மறுபடி மறுபடி வாசித்தாள். தொழில்நுட்பமாம். ஒரு மன்னிப்பு, ஒரு வருத்தம், தப்பு நடந்துவிட்டது என்று ஒரு வரி, எதுவும் இல்லை.

பிள்ளைகள் மறுபடி எழுதினார்கள். முத்தரசுவின் பெயர் பட்டியலின் மேலேயே இருந்தது. கீழத்தெருப் பிள்ளைகளில் ஒருத்திக்கும் இடம் கிடைத்தது. சௌபர்ணிகாவும் வந்துவிட்டாள். துர்காவுக்குக் கிடைக்கவில்லை. காத்திருப்புப் பட்டியலில்கூட இந்த முறை அவள் பெயர் இல்லை.

அழகி அன்று அடுப்படியிலிருந்து வெளியே வரவே இல்லை. திட்டியிருந்தால்கூட சத்தியாவுக்குத் தேவலை என்றிருந்திருக்கும். பாண்டிமுருகன் மட்டும் வந்து, "முத்தரசுவோட பெட்டி படுக்கையை ஏத்திட்டுப் போக நம்ம வண்டியக் கேட்டாரு பெத்தண்ணே. சரின்னுட்டேன்" என்றான்.

சேர்க்கை நாளன்று பெத்தன் துணைக்குக் கூப்பிட்டதால் அவளும் போனாள். பெற்றோர் கூட்டத்தில் வள்ளியப்பன் மைக் பிடித்து, எல்லோருக்கும் சமவாய்ப்புத் தருவதில் தங்கள் பள்ளி முன்னோடி என்றார். கைதட்டினார்கள். அடுத்த ஆண்டு தேர்வு முறை மேலும் நவீனமாக்கப்படும் என்றார். அதற்கும் கைதட்டினார்கள்.

சத்தியா எழுந்து நின்றாள்.

"மாத்துங்க சார். வேணாங்கலை. என்ன மாத்துறீகன்னு ஜூன் மாசத்துலயே சொல்லுங்க. காருல வாரவுகளுக்கும் பஸ்ஸுல வாரவுகளுக்கும் ஒரே நாள்ல சொல்லுங்க. கேள்வி போடுறவுக பாடம் நடத்தக் கூடாதுன்னு இங்கேயே, எல்லாருக்கும் முன்னாடி சொல்லுங்க."

பரிசீலிக்கப்படும் என்றார் வள்ளியப்பன். நடுவரிசையில் தேனம்மை தலையைத் திருப்பி அவளைப் பார்த்தாள். பின்வரிசையில் யாரோ, "எழுதித் தரச் சொல்லும்மா" என்று சத்தம் போட்டார். அவர் யாரென்று தெரியவில்லை. அவள் உட்காரவில்லை. எழுத்தில் வரும்வரை நிற்பதாகச் சொன்னாள். பெத்தன் எழுந்து அவளுக்குப் பக்கத்தில் நின்றார். இன்னும் சில பேர் எழுந்தார்கள். கூட்டம் அப்படியே அரைகுறையாகக் கலைந்தது. எழுத்து அன்று வரவில்லை. அவள் அதைக் கேட்டு எழுதிய மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை.

ஜூனில் துர்கா கல்லலில் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தாள். முதல் நாள் காலையில் இருவரும் ஒன்றாகத்தான் பஸ்ஸுக்கு நடந்தார்கள். கண்மாய்க் கரையில் துர்கா கேட்டாள்.

"அத்தை, அன்னைக்கு நீ அந்தப் பேச்சைச் சொல்லாம இருந்திருந்தா, நான் அங்க போயிருப்பேன்ல?"

சத்தியா சுற்றி வளைக்க நினைக்கவில்லை. "ஆமா" என்றாள்.

துர்கா பையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "எனக்குக் கோவமா இருக்கு."

"எம் மேலயா?"

"உம் மேலயும்தான். அவுக மேல நெறைய."

"எனக்கும் அப்படித்தான்டி இருக்கு" என்றாள் சத்தியா.

தூரத்தில் பஸ் வளைவில் திரும்புவது தெரிந்தது. இருவரும் ஓடினார்கள்.